வாசிப்பு வட்டத்தில் அரசியல் தன்வரலாறுகள்: வெளிநாடு சென்றவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அங்குள்ள வாசிப்பு வட்டத்தில் சேரும்போது, நாவலோ கவிதையோ என்றால் ஓரளவு துணிச்சலோடு பேசிவிடுகிறார்கள். அரசியல் தலைவர் ஒருவரின் தன்வரலாறு என்று வந்துவிட்டால் பலரும் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். சுற்றி அமர்ந்திருப்பவர்களுக்கு அந்தக் காலத்து அமைச்சர்களும் தேர்தல்களும் கட்சிப் பிளவுகளும் பள்ளிப் பாடத்திலேயே பழகிப்போனவை; நமக்கோ நூலின் பெயரடைவைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது. நானும் முதல் ஓராண்டை அப்படித்தான் தலையாட்டிக் கழித்தேன். பின்னர் பல அமர்வுகளில் பேசியும் சிலவற்றை நடத்தியும் பழகிய பிறகு ஒன்றை உறுதியாக உணர்ந்தேன். தன்வரலாற்றில் சொல்லப்பட்டிருப்பதை அந்த நாட்டுக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். அதில் சொல்லாமல் விடப்பட்டது எது என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவரின் கண்ணில்தான் முதலில் படுகிறது. அந்தப் பார்வையை முறையாகப் பயன்படுத்தும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வட்டத்தை அறிந்துகொள்வது

பொதுநூலகம், பல்கலைக்கழகம், குடியிருப்போர் சங்கம் எனப் பல இடங்களில் வாசிப்பு வட்டங்கள் நடக்கின்றன. சேர்ந்தவுடன் நூலைப் பரிந்துரைக்காமல், முதல் இரண்டு அமர்வுகளில் கவனித்துக் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. ஒருங்கிணைப்பவர் கேள்விகளை முன்கூட்டியே அனுப்புகிறாரா, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவது அங்கே இயல்பா, நூலை முழுவதும் படிக்காதவர்களும் வரலாமா என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் போதும். மற்றவை தானாகப் பிடிபடும்.

இரண்டாம் படி: நூலைத் தேர்ந்தெடுப்பது

தேர்வு உங்கள் கைக்கு வரும் நாளில் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். இன்றும் தேர்தலில் நிற்கும் ஒருவரின் நூலை எடுத்தால், பேச்சு நூலை விட்டு அன்றைய செய்திக்குப் போய்விடும். பல தொகுதிகள் கொண்ட நூலை முழுமையாக எடுத்தால், பாதிப் பேர் படித்து முடிக்காமலே வருவார்கள். எழுதியவர் மறைந்து, அவரைப் பற்றிய ஆவணங்கள் ஓரளவேனும் வெளிவந்துவிட்ட, ஒரே தொகுதியில் அடங்கும் நூலே தொடக்கத்துக்கு ஏற்றது. தொகுதிகள் பலவானால் ஒன்றை மட்டும் எடுத்து, அதன் எல்லையை எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

எழுதியவரே சொந்த மண்ணை விட்டு விலகியிருந்த நூல்களை நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். அரசியல் தன்வரலாறு என்னும் வகையின் பெரும் நூல்களில் கணிசமானவை அப்படிப் பிறந்தவைதான் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பெர்கானாவில் பிறந்து, ஆட்சியை இழந்து, காபுல் வழியாக இந்தியாவுக்கு வந்த பாபர், தன் தாய்மொழியான சகதாய் துருக்கியில் எழுதிய பாபர் நாமாவில் நாடு பிடித்த கதையோடு நாடிழந்தவரின் ஏக்கமும் கலந்தே இருக்கிறது. 1847-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறிய எழுத்தாளர் அலெக்சாந்தர் கெர்சன், தாயையும் மகனையும் கடல் விபத்திலும், அடுத்த ஆண்டே மனைவியையும் இழந்த நிலையில், 1852-இல் லண்டனில் தன் நினைவுகளை எழுதத் தொடங்கினார். சோவியத் ஒன்றியத்திலிருந்து 1929-இல் வெளியேற்றப்பட்ட புரட்சித் தலைவர் திரொத்ஸ்கி, துருக்கியின் தீவொன்றில் தங்கி எழுதிய தன்வரலாறு அடுத்த ஆண்டு வெளியானது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து 1838-இல் தப்பிய பிரெடரிக் டக்ளஸ், 1845-இல் தன் முதல் நூலை வெளியிட்டபின் மீண்டும் பிடிபடும் ஆபத்து நேர்ந்ததால் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் செல்ல வேண்டியிருந்தது. இத்தகைய நூல் முன்னே இருக்கும்போது, குடிபெயர்ந்த வாசகரின் அனுபவம் விவாதத்துக்கு வெளியே நிற்பதில்லை. ஊரை விட்டு வந்தவர் ஊரைப் பற்றி எழுதும்போது எதைக் கூட்டுகிறார், எதை மெருகேற்றுகிறார், எதன்மீது கசப்பைக் கொட்டுகிறார் என்பது நமக்கு உள்ளிருந்தே தெரியும்.

மூன்றாம் படி: மொழியும் பதிப்பும்

வட்டம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழிப் பதிப்பைக் கையில் வைத்திருப்பது அவசியம். பக்க எண்ணைச் சொல்லிப் பேசினால்தான் பேச்சு ஊன்றி நிற்கும். அதோடு தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்குமானால் அதையும் இணையாகப் படிக்கத் தயங்க வேண்டாம். தாய்மொழியில் படித்தால் ஓட்டம் பிடிபடுகிறது. வட்டத்தின் மொழியில் மீண்டும் பார்க்கும்போது சொற்கள் பிடிபடுகின்றன. இரண்டுக்கும் இடையே ஓரிடத்தில் பொருள் வேறுபட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அமர்வில் அதுவே நல்ல கேள்வியாக மாறும்.

எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு நூல் வந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். காந்தியின் சத்திய சோதனை குஜராத்தியில் எழுதப்பட்டது; மகாதேவ தேசாய் செய்த ஆங்கில ஆக்கத்தின் வழியாகத்தான் உலகின் பெரும்பகுதி அதைப் படித்தது. பாபர் நாமா 1589-இல் அப்துர் ரகீமின் பாரசீக மொழிபெயர்ப்பாக மாறி, நெடுங்காலம் அவ்வடிவிலேயே புழங்கியது. எனவே ஆசிரியரின் நடையைப் பற்றி ஒருவர் பெரிதாகப் புகழும்போது, அந்த நடை ஆசிரியருடையதா, மொழிபெயர்ப்பாளருடையதா என்று பணிவாகக் கேட்கலாம்.

சுருக்கப் பதிப்புகளில் எச்சரிக்கை தேவை. அட்டையில் சிறிய எழுத்தில் மட்டுமே அது குறிப்பிடப்பட்டிருக்கும். ஒருமுறை எங்களில் இருவர் சுருக்கப் பதிப்பைப் படித்துவிட்டு வந்து, மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த ஓர் இயலே நூலில் இல்லை என்று வாதாடி அரை மணி நேரம் வீணானது. காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பக்க எண்கள் பொருந்தாது என்பதால், இயல் எண்ணைச் சொல்லிப் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒற்றைத் தாள்

தயாரிப்பில் மிகுந்த பயன் தருவது இதுதான் என்று நான் நம்புகிறேன். ஒரு தாளை எடுத்து நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். நூல் பேசும் காலம், அது எழுதப்பட்ட காலம், வெளியான ஆண்டு, அந்த ஆண்டில் ஆசிரியர் எந்த நிலையில் இருந்தார் என்பவற்றை அவற்றில் நிரப்புங்கள். தாளின் கீழ்ப்பாதியில், அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டு பெயர்களை எழுதி, நூல் வெளியானபோது அவர்களில் யார் உயிரோடு இருந்தார்கள், யார் அதிகாரத்தில் இருந்தார்கள் என்று குறியுங்கள். நாட்டின் வரலாறு முழுவதையும் நூலகத்தில் உட்கார்ந்து கற்க வேண்டியதில்லை. இந்த ஒரு தாள் போதும். அந்த நாட்டில் பிறந்தவர்கள்கூட இதைச் செய்துவிட்டு வருவதில்லை.

தாள் என்ன காட்டும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம். அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக 1869 முதல் 1877 வரை இருந்த யுலிசஸ் கிராண்ட், 1884-இல் கூட்டாளியின் மோசடியால் செல்வம் முழுவதையும் இழந்து, தொண்டைப் புற்றுநோயும் கண்ட நிலையில், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்ற கவலையோடு எழுத உட்கார்ந்தார். குரல் போய்விட்ட நாள்களில் சிறு தாள்களில் எழுதிக்காட்டி மருத்துவர்களோடு பேசிக்கொண்டே நூலை முடித்தார். முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23-இல் காலமானார். நூலை வெளியிட்டது எழுத்தாளர் மார்க் ட்வைனின் பதிப்பகம். இவ்வளவும் தாளில் ஏறியபின் நூலைத் திறந்தால் ஒன்று பளிச்சென்று தெரியும்: போர்க்களங்களை அத்தனை நுணுக்கமாக விவரிக்கும் அந்த நூலில், அவர் நாட்டை ஆண்ட எட்டு ஆண்டுகளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஊழல் புகார்கள் மலிந்த காலம் அது. சாகும் தறுவாயில் ஒருவர் எந்த வாழ்க்கையைத் தன் வாழ்க்கையாக விட்டுச்செல்ல விரும்புகிறார் என்ற கேள்வி அங்கிருந்தே எழுகிறது.

நேருவின் தன்வரலாறு 1934 ஜூன் முதல் 1935 பிப்ரவரி வரை ஏறக்குறைய முழுவதும் சிறையில் எழுதப்பட்டு, 1936-இல் வெளியானது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் மனைவி கமலா இறந்துபோனார். மறைந்துவிட்ட கமலாவுக்கே நூல் காணிக்கையாக்கப்பட்டது. இந்திய விடுதலைக்கு இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. பிற்காலப் பிரதமரை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிப்பவர்கள், தன் முடிவுகள் சரியா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் ஒரு கைதியைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

பிரான்சின் தெ கோலை எடுத்துக்கொண்டால் தாள் இன்னும் சுவையாகிறது. 1946-இல் இடைக்கால அரசின் தலைமைப் பதவியிலிருந்து விலகிய அவருடைய போர்க்கால நினைவுகளின் முதல் இரண்டு தொகுதிகள் 1954-இலும் 1956-இலும் வந்தன. மூன்றாம் தொகுதி வந்த 1959-இல் அவர் குடியரசுத் தலைவர். நெல்சன் மண்டேலாவின் நூலும் அப்படியே: 1974-இல் ராபன் தீவுச் சிறையில் இரவுகளில் இரகசியமாக எழுதப்பட்ட கைப்படியைச் சக கைதியான மாக் மகராஜ் பொடி எழுத்தில் படியெடுத்து, 1976-இல் விடுதலையானபோது மறைத்து வெளியே கொண்டுசென்றார். முற்றத்தில் புதைத்து வைத்திருந்த மூலப்படி மறு ஆண்டு சிறைக் காவலர்களிடம் சிக்கியதால், சம்பந்தப்பட்டவர்கள் நான்கு ஆண்டுகள் படிக்கும் உரிமையை இழந்தார்கள். நூல் வெளியானது 1994-இல், அவர் குடியரசுத் தலைவரான பிறகு. ஆயுள் கைதி எழுதிய பகுதியும், நாட்டை ஒன்றாகக் கட்ட வேண்டியிருந்த தலைவர் சேர்த்த பகுதியும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. எந்தப் பக்கத்தில் எந்தக் குரல் கேட்கிறது என்று தேடுவதற்கே ஓர் அமர்வை ஒதுக்கலாம்.

ஐந்தாம் படி: மௌனங்களைப் படிப்பது

வாசிக்கும்போது பென்சிலால் இரண்டு வகைக் குறிகளைப் போடுங்கள். ஆசிரியர் அழுத்திச் சொல்லும் இடத்துக்கு ஒன்று. அவர் விரைந்து கடந்துபோகும் அல்லது தொடாமலே விடும் இடத்துக்கு மற்றொன்று. இரண்டாம் வகைக் குறிதான் அமர்வில் உங்கள் மூலதனம். ஆனால் எல்லா மௌனமும் ஒன்றல்ல, எல்லாவற்றையும் ஒளிப்பு என்று குற்றம் சாட்டுவது நியாயமும் ஆகாது.

பிறரைக் காப்பதற்கான மௌனம் உண்டு. டக்ளஸ் 1845-இல் எழுதிய நூலில் தான் தப்பிய வழியைச் சொல்ல மறுத்தார். சொன்னால் தனக்கு உதவியவர்கள் சிக்குவார்கள், பின்னால் வரவிருப்பவர்களின் வழியும் அடைபடும். அடிமை முறை ஒழிந்து பல ஆண்டுகள் கழித்து, 1881-இல் வெளியிட்ட மூன்றாவது தன்வரலாற்றில்தான், கடலோடி ஒருவரின் சான்றிதழை இரவல் வாங்கி, கடலோடி உடையில் ரயிலேறிய கதையை முழுமையாகச் சொன்னார். ஒரே வாழ்க்கையை ஒருவரே 1845, 1855, 1881 என மூன்று முறை எழுதியிருப்பது வாசிப்பு வட்டத்துக்குக் கிடைத்த பெரும் கொடை; ஒரே நிகழ்ச்சியை மூன்று நூல்களிலிருந்தும் எடுத்து அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள்.

காலத்தால் பூட்டிய மௌனம் உண்டு. மௌலானா ஆசாத்தின் நூல் அவர் மறைந்த மறு ஆண்டான 1959-இல் வெளியானபோது, ஏறத்தாழ 30 பக்கங்கள் முத்திரையிடப்பட்டுக் கல்கத்தாவின் தேசிய நூலகத்திலும் புதுதில்லியின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பட்டன. 1988-இல்தான் அவை முழுப் பதிப்பில் சேர்ந்தன. விபத்தால் வந்த மௌனமும் உண்டு: பாபர் நாமாவின் கதை 1508-ஐத் தொட்டதும் சட்டென்று அறுந்து, 1519-இல் மீண்டும் தொடங்குகிறது. அந்தப் பதினோரு ஆண்டுகளை அவர் மறைத்தார் என்று யாராவது வாதாடினால், ஏடுகள் நமக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைவூட்டுங்கள்.

பொய்யான மௌனமும் இருக்கிறது. ஹிட்லரின் அமைச்சராக இருந்து 20 ஆண்டுச் சிறைத் தண்டனை முடித்து 1966-இல் வெளிவந்த ஆல்பர்ட் ஸ்பியர், 1969-இல் வெளியிட்ட நினைவு நூலில், பொதுவான பொறுப்பை ஏற்றுக்கொள்பவராகவும் யூத இன அழிப்பைப் பற்றி நேரடியாக அறியாதவராகவும் தன்னைக் காட்டிக்கொண்டார். வருந்தும் அந்தக் குரலை உலகம் நெடுநாள் நம்பியது. 1943-இல் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் அந்த இன அழிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய கூட்டத்தில் தானும் இருந்ததாக அவரே 1971-இல் எழுதிய கடிதம் 2007-இல் வெளிச்சத்துக்கு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளும் பாவனையே சில நூல்களில் மிகப் பெரிய மறைப்பாக இருக்கக்கூடும் என்பதை அந்த நூலை வைத்துப் பேசியபோதுதான் எங்கள் வட்டம் முழுமையாக உணர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பேசக் கடினமானது, ஆசிரியருக்கே கண்ணில் படாத மௌனம். சர்ச்சில் 1948 முதல் 1953 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இரண்டாம் உலகப் போர் வரலாற்றின் ஐந்தாம் தொகுதியை ஒருமுறை எடுத்திருந்தோம். 1943 ஜூனிலிருந்து ஓராண்டுக் காலம் அதன் களம். அதே 1943-இல்தான் வங்காளப் பஞ்சத்தில் மக்கள் மடிந்தார்கள். இறந்தோர் தொகை 30 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அந்தப் பேரழிவுக்கு நூலின் கதையோட்டத்தில் ஏறக்குறைய இடமே இல்லை. என் முறை வந்தபோது, எழுதிவைத்திருந்த மூன்று வரிகளை மட்டும் படித்தேன்: இந்த ஆண்டில், இந்தப் பேரரசின் ஆட்சியில் இருந்த ஒரு நிலத்தில் இப்படி ஒன்று நடந்தது, அதை இந்த நூலில் தேடினேன், ஆசிரியருக்கு அது போரின் பகுதியாகத் தோன்றாமல் போனதற்குக் காரணம் என்னவாக இருக்கும்? அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. எதிரே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெயரடைவின் பத்திகளில் விரலை ஓட்டத் தொடங்கினார். பக்கங்கள் புரளும் ஒலி மட்டுமே கேட்டது. பிறகு நிமிர்ந்து, எத்தனை பேர் என்று சொன்னீர்கள் என்று கேட்டார். அடுத்த ஒரு மணி நேரம், போர் வரலாறு என்றால் யாருடைய சாவு கணக்கில் வருகிறது என்பதைப் பற்றியே பேசினோம். நான் கோபத்தோடு பேசியிருந்தால் அந்த உரையாடல் நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்த அறையில் பக்கங்களைப் புரட்ட வைத்தது கேள்விதான்.

ஆறாம் படி: கேள்விகளை எழுதுவது

ஐந்துக்கு மேல் கேள்விகள் வேண்டாம். ஆசிரியர் நல்லவரா கெட்டவரா என்பது போன்ற கேள்விகள் அறையை இரண்டு கட்சிகளாக்கிவிடும். நூலின் ஓரிடத்தைச் சுட்டாத கேள்வியை அடித்துவிடுங்கள். "இந்த இயலில் தன் எதிரியைப் பற்றி எழுதும்போது ஆசிரியரின் வாக்கியங்கள் ஏன் இவ்வளவு குறுகிவிடுகின்றன?" என்பது நல்ல கேள்வி. "இந்த முடிவை எடுத்த நாளில் அவருக்கு எது தெரிந்திருக்க முடியும், எதை அவர் பின்னாளில் தெரிந்துகொண்டு முன்னே தள்ளி எழுதுகிறார்?" என்பதும் எந்த நூலுக்கும் பொருந்தும். நூலில் பேசாமலே நிற்கும் மனிதர்களைப் பற்றி ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும்: மனைவி, தட்டச்சுச் செய்தவர், ஓட்டுநர், எதிர்க்கட்சித் தொண்டர்.

ஏழாம் படி: அமர்வில் பேசுவது

பழக்கமில்லாத மொழியில், வேகமாகப் பேசுகிறவர்களுக்கு நடுவே இடம் பிடிப்பது எளிதன்று. முதல் பத்து நிமிடங்களுக்குள் ஒருமுறையாவது பேசிவிடுங்கள். நேரம் ஆக ஆகத் தயக்கம் கெட்டிப்படும். அந்த முதல் பேச்சு ஒரு பத்தியை உரக்கப் படிப்பதாக இருந்தாலும் போதும். சரியாகத் தேர்ந்த பத்தியை நிதானமாகப் படித்துவிட்டு, "இந்தச் சொல்லில் நின்றுவிட்டேன்" என்று ஒரு வரி சேர்த்தால், இலக்கணப் பிழையை எண்ணி அஞ்ச வேண்டிய அவசியமே இராது. எனக்குத் தெரியாது என்று சொல்வதையும் கருவியாக்கிக்கொள்ளலாம்: எல்லோருக்கும் தெரியும் என்று ஒருவர் தொடங்கும்போது, எனக்குத் தெரியாது, விளக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். விளக்கத் தொடங்கியபின்தான், எல்லோருக்கும் தெரிந்ததாகக் கருதப்பட்ட கதை ஆளுக்கு ஒன்றாக இருப்பது அவர்களுக்கே தெரியவரும்.

இன்னொரு சிக்கலும் நிச்சயம் வரும். உங்கள் நாட்டைப் பற்றியோ அதன் தலைவரைப் பற்றியோ ஒரு வரி நூலில் வந்தால் எல்லாத் தலைகளும் உங்கள் பக்கம் திரும்பும். ஒரு தேசத்தின் தூதராகப் பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "என் வீட்டில் இதை இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன், வேறு வீடுகளில் வேறு விதமாகப் பேசினார்கள்" என்று சொல்லிப் பழகுங்கள். அது உண்மையும்கூட. தலைவரைத் தற்காக்கும் வேகமும், அவரைத் தூற்றி முற்போக்கானவர் என்று பெயர் வாங்கும் ஆசையும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. இரண்டையும் தவிர்த்துப் பக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

எட்டாம் படி: காயம்பட்டவர்கள் இருக்கும் அறை

அரசியல் தன்வரலாறு பேசும் நிகழ்ச்சிகளில் வதைபட்டவர்களின் பிள்ளைகளோ, வதைத்த தரப்பின் பிள்ளைகளோ அதே அறையில் இருக்கலாம். எனவே தொடக்கத்திலேயே இரண்டு ஒப்பந்தங்கள் செய்துகொள்வது நல்லது. அறையில் பேசியது அறையோடு நிற்க வேண்டும். சொந்த நாட்டில் குடும்பம் வாழ்கிறவர்களுக்கு இது வெறும் மரியாதை தொடர்பானது மட்டுமன்று, பாதுகாப்புத் தொடர்பானதும் ஆகும். குடும்ப அனுபவத்தைச் சொல்லுமாறு யாரும் யாரையும் கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் சொல்லி முடித்தபின் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் நாட்டு நூலைப் பரிந்துரைப்பது

ஓராண்டு கழித்து, உங்கள் பக்கத்து நூல் ஒன்றைப் பரிந்துரைக்கும் துணிவு வரும். அப்போதுதான் உண்மையான சோதனை. நான் சத்திய சோதனையைப் பரிந்துரைத்தேன். அது 1925 முதல் 1929 வரை நவஜீவன் வார இதழில் தொடராக வந்ததையும், 1920-ஐ ஒட்டியே கதை நின்றுவிடுவதையும், அதன்பின் தன் வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்த பொதுவாழ்க்கை ஆகிவிட்டது என்று காந்தியே விடைபெறுவதையும் சொல்லி அறிமுகம் செய்தேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறியிருந்த உறுப்பினர் ஒருவர் கடைசியில் பேசினார். இந்த நூலின் இருபதாண்டுக் கதை என் நாட்டில் நடக்கிறது, என் மக்கள் இதில் எங்கே இருக்கிறார்கள் என்று அமைதியாகக் கேட்டார். சுருக்கென்று தைத்தது. 1906-இல் காயம்பட்ட சூலு மக்களுக்குக் காந்தி செய்த பணிவிடையைப் பற்றிய இயலை உடனே எடுத்துக்காட்டினேன். படித்தேன், அதைத் தவிர என்றார். என்னிடம் விடை இல்லை.

சர்ச்சிலின் நூலில் நான் தேடியதைத்தான் அவர் என் நூலில் தேடினார் என்பது வீடு திரும்பும் வழியில் உறைத்தது. அடுத்த அமர்வுக்கு, தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றிக் காந்தி தனியாக எழுதிய நூலைக் கொண்டுபோனேன். அதன் தொடக்க இயல்களில் அந்த மண்ணின் கறுப்பின மக்களைப் பற்றிய விவரிப்பு உண்டு. அந்த விவரிப்பில் பரிவும் இருக்கிறது, தொலைவும் இருக்கிறது. எது மிகுதி என்று இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு நூலின் மௌனத்தை அதே ஆசிரியரின் இன்னொரு நூலில் தேடிப் பார்க்கும் வழக்கம் அன்றிலிருந்து எங்கள் வட்டத்தில் நிலைத்துவிட்டது. உங்கள் நூலைப் பரிந்துரைக்கும் முன், அதில் யாருடைய குரல் இல்லை என்பதை நீங்களே ஒருமுறை தேடிவிட்டுப் போங்கள்.

மொழிபெயர்ப்பு எளிதில் கிடைக்காத நூல்களையும் கைவிட வேண்டாம். வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1908-இல் அரச நிந்தனைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறைக் கொடுமைகளை அனுபவித்தவர், தன் வாழ்க்கையைச் செய்யுளில் எழுதினார். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து 1946-இல்தான் அது நூலாக வந்தது. ஒரு பக்கத்தை நீங்களே மொழிபெயர்த்து, மூலத்தையும் சந்தத்தோடு படித்துக் காட்டினால், அரசியல் தன்வரலாற்றை ஏன் ஒருவர் பாட்டாக எழுத வேண்டும் என்ற கேள்விக்கே அரைமணி நேரம் போய்விடும்.

பத்தாம் படி: அமர்வுக்குப் பின்

அன்றிரவே, மறக்கும் முன், அரைப்பக்கம் எழுதிவையுங்கள். யார் என்ன சொன்னார் என்பதைவிட, உங்கள் கருத்து எந்த இடத்தில் அசைந்தது என்பதைக் குறிப்பது பயனுள்ளது. விடை கிடைக்காத ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு விடை இருக்கக்கூடிய அடுத்த நூலைத் தேடுங்கள்: ஒரு தலைவரின் நூலுக்குப் பின் அவருடைய எதிரியினுடையதோ, சிறைக் கைதியின் நூலுக்குப் பின் அதே காலத்து அமைச்சரினுடையதோ. பழைய ஒற்றைத் தாள்களைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். என் கோப்பில் சர்ச்சிலின் தாளுக்கு அடுத்துக் காந்தியின் தாள் இருக்கிறது. இரண்டின் ஓரத்திலும், வெவ்வேறு நாளில், வெவ்வேறு மையில், நான் எழுதிவைத்திருப்பது ஒரே கேள்விதான்: இதில் யார் இல்லை?